வலியை வென்ற கதை – 14: நாடியா, மூச்சா?

போன வாரம் எடின்பரோ டாக்டர் சிம்ப்சனையும் அவருடைய இரண்டு உதவியாளர்களையும் சாப்பாட்டு மேசைக்கு அடியில் விட்டுவிட்டு வந்தோம். 1847 நவம்பர் 4ஆம் தேதி இரவு, எடின்பரோ குயின் தெரு 52ஆம் எண் வீட்டில், மூன்று பேரும் கண்ணாடித் தம்ளரில் குளோரோபாரம் ஊற்றி முகர்ந்து பார்த்துச் சாய்ந்தார்கள். எழுந்ததும் அவர்களுக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை மயக்கத்துக்குக் கொடுத்துவந்த ஈதரைப் போலத் தொண்டையைக் கமறவில்லை. இனிப்பான வாசம். கொஞ்சம் போதும், சீக்கிரம் மயக்குகிறது. எந்தக் கருவியும் வேண்டாம், ஒரு கைக்குட்டை இருந்தால் வேலை முடிந்தது. சில வாரங்களில் பிரிட்டன் முழுவதும் டாக்டர்களின் பையில் குளோரோபாரம் குப்பி ஏறிவிட்டது.

மூன்று மாதம்கூட நிறையவில்லை. முதல் சாவு நடந்தது.

1848 ஜனவரி 28. நியூகாசில் பக்கத்தில் வின்லட்டன் என்ற ஊர். பெண்ணின் பெயர் ஹன்னா கிரீனர், வயது 15. கால் விரல் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் வைத்திருந்தது. இன்னொரு காலில் இதே தொல்லைக்குச் சில மாதங்களுக்கு முன்பு ஈதர் கொடுத்து நகத்தை எடுத்திருந்தார்கள். அதனால் என்ன நடக்கப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்ததாலேயே பயம். அழுதுகொண்டேதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். டாக்டர் மெகிசன் ஒரு டீஸ்பூன் அளவு குளோரோபாரத்தைத் துணியில் விட்டு மூக்கருகே பிடித்தார். அரை நிமிடம் போயிருக்கும். உதவியாளரிடம் வெட்டச் சொன்னார். கத்தி பட்டதும் அவள் காலை உதறினாள். மயக்கம் போதவில்லையோ என்று நினைத்த அந்த நொடியில் உதடு வெளுத்தது, வாயில் நுரை தள்ளியது. முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், வாயில் பிராந்தி ஊற்றினார்கள், ரத்தநாளத்தைக் கீறிப் பார்த்தார்கள். எல்லாம் மூன்று நிமிடத்துக்குள் முடிந்துபோனது. ஒரு நகத்துக்காக ஓர் உயிர்.

பிணப் பரிசோதனை செய்த இருவரில் ஒருவர் ராபர்ட் குளோவர். சிம்ப்சன் முகர்ந்து பார்ப்பதற்கு ஐந்து ஆண்டு முன்பே குளோரோபாரத்தை விலங்குகளுக்குக் கொடுத்து ஆராய்ந்தவர் அவர். அதன் நஞ்சு அவருக்கு அத்துப்படி. 1859இல் அவர் உயிரைக் குடித்ததும் குளோரோபாரம்தான்.

ஹன்னா ஏன் செத்தாள்? இந்த ஒரு கேள்விக்காக மருத்துவ உலகம் அறுபது ஆண்டுக்கு மேல் சண்டை போட்டது. அந்தச் சண்டையின் நடுவில் நம் தக்காணத்து ஐதராபாத் எப்படி வந்து நின்றது என்பதுதான் இந்த வாரக் கதை.

சிம்ப்சன் உடனே பதில் சொன்னார்: குளோரோபாரம் கொல்லவில்லை, வாயில் ஊற்றிய பிராந்தியும் தண்ணீரும்தான் மூச்சுக்குழலை அடைத்துக் கொன்றன. தன் பிள்ளையை விட்டுக்கொடுக்காத தகப்பன் பேசுகிற மாதிரிதான் இருக்கிறது. லண்டனில் இருந்த ஜான் ஸ்னோ ஒத்துக்கொள்ளவில்லை. காலரா குடிதண்ணீரில் பரவுகிறது என்று காட்டியவர் என்றே அவரை நமக்குத் தெரியும். அவர் வயிற்றுப்பாட்டுக்குச் செய்த தொழில் மயக்கம் கொடுப்பது. 1853 ஏப்ரல் 7இல் விக்டோரியா ராணிக்கு இளவரசர் லியோபோல்டு பிறந்தபோது குளோரோபாரம் கொடுத்தவர் அவர்தான். குளோரோபாரச் சாவுகள் ஐம்பதை ஒவ்வொன்றாகச் சேகரித்து அலசிய ஸ்னோ, பெரும்பாலானவற்றில் முதலில் நின்றது இதயம் என்றார். துணியில் கண்மதிப்பாக ஊற்றுவதே ஆபத்து, காற்றில் எத்தனை சதவீதம் ஆவி கலக்கிறது என்று அளந்து கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். 1858இல், 45 வயதில் இறந்துபோனார். குளோரோபாரம் பற்றிய அவருடைய புத்தகம் அவர் போன பிறகுதான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு பிரிட்டனில் இரண்டு கட்சி. லண்டன் கட்சிக்காரர்கள் நோயாளியின் மணிக்கட்டில் விரலை வைத்துக்கொண்டுதான் குளோரோபாரம் கொடுப்பார்கள். நாடி தளர்ந்தால் துணியை எடு என்பது அவர்கள் சட்டம். எடின்பரோ கட்சிக்கு ஜேம்ஸ் சைம் என்ற அறுவை நிபுணர் தலைவர். காற்று தாராளமாக இருக்கட்டும், மூச்சை மட்டும் பார், நாக்கு பின்னால் விழுந்து தொண்டையை அடைத்தால் முன்னால் இழு, நாடியைத் தொடாதே. இதுதான் அவர் பாடம். அவருடைய மருமகன் ஜோசப் லிஸ்டரும் இதையே சொன்னார். நாடியைப் பார்த்துக்கொண்டிருப்பவன் மூச்சைக் கவனிக்க மாட்டான் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். மயக்கத்தில் இருக்கும் ஆளின் நாக்கு தொண்டையை அடைப்பது எவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்பது ஆபரேஷன் தியேட்டரில் நின்றவர்களுக்குத் தெரியும்.

சண்டையைத் தீர்க்கக் குழுக்கள் போட்டார்கள். 1864இல் ஒன்று. 1877 முதல் 1880 வரை கிளாஸ்கோவில் இன்னொன்று. இந்த இரண்டாவதில் இருந்தவர்களில் ஒருவர் வில்லியம் ராம்சே, பின்னாளில் வேதியியலில் நோபல் பரிசு வாங்கியவர். குளோரோபாரம் ரத்த அழுத்தத்தைத் தள்ளுகிறது, இதயத்தை நேராகவே பாதிக்கிறது என்று இரண்டு குழுக்களும் சொல்லின. எடின்பரோக்காரர்கள் கேட்டுக்கொள்ளவில்லை.

சைமிடம் படித்த ஒரு மாணவர் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து இங்கே வந்தார். எட்வர்டு லாரி. 1885 முதல் ஐதராபாத்தில் ரெசிடென்சி டாக்டர். ஆங்கிலேயப் பிரதிநிதியின் மாளிகைக்கு மட்டும் அல்ல, மூசி ஆற்றங்கரையில் இருந்த அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரிக்கும் நிஜாமின் மருத்துவப் பள்ளிக்கும் அவர்தான் பெரிய டாக்டர். லாரி தன் மாணவர்களுக்குச் சைமின் பாடத்தை வேதம் மாதிரி ஓதினார். கூம்பாகச் சுருட்டிய துணி, உள்ளே கொஞ்சம் பஞ்சு, அதில் குளோரோபாரம். மாணவன் கண் நோயாளியின் நெஞ்சையும் வயிற்றையும் விட்டு விலகக் கூடாது. நாடியில் கை வைத்தால் திட்டு விழும்.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனமில்லை. ஐதராபாத் அன்று யூனானி ஹக்கீம்களின் ஊர். நாடி பிடித்துப் பார்த்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்வதுதான் ஹக்கீமின் பெருமை. அந்த ஊரில், வெள்ளைக்கார டாக்டர் ஒருவர் நாடியைத் தொடாதே என்று பாடம் நடத்தினார்.

லாரிக்குத் தன் முறைமேல் இருந்த நம்பிக்கைக்குக் காரணம் உண்டு. பல்லாயிரம் பேருக்கு இந்த முறையில் குளோரோபாரம் கொடுத்தாகிவிட்டது, ஒரு சாவுகூட இல்லை என்று அவர் சொல்லிவந்தார். 1888இல் நிஜாம் அரசின் செலவில் முதல் ஆணையம் அமைந்தது. பாட்ரிக் ஹெஹிர் உள்ளிட்ட ஐதராபாத் டாக்டர்கள்தான் உறுப்பினர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தெருநாய்களுக்குச் சாகும்வரை குளோரோபாரம் கொடுத்துப் பார்த்தார்கள். எல்லாவற்றிலும் முதலில் நின்றது மூச்சு, பிறகுதான் இதயம். லாரி இதை ஊருக்கே அறிவித்தார். லண்டன் ‘லான்செட்’ இதழ் முகம் சுளித்தது. கிளாஸ்கோ ஆய்வை நாலு நாயைக் கொன்று தள்ளிவிட முடியுமா என்கிற தொனியில் எழுதியது.

அதற்கு ஐதராபாத் கொடுத்த பதில் ராஜ தோரணையானது. அப்போது ஆறாம் நிஜாம் மீர் மஹபூப் அலி கானுக்கு வயது இருபத்திரண்டு, இருபத்து மூன்று. உங்களுக்குச் சந்தேகம் என்றால் நீங்களே ஒரு நிபுணரைத் தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், அவர் முன்னால் சோதனையைத் திரும்பச் செய்கிறோம், செலவு எங்களுடையது என்று ஆயிரம் பவுன் ஒதுக்கினார். ஒரு மருத்துவக் கேள்விக்கு விடை காண, இந்திய சமஸ்தானம் ஒன்று பிரிட்டிஷ் மருத்துவ இதழுக்குப் பணம் கொடுத்து ஆள் வரவழைத்தது. அன்றைய காலனி உலகில் காசும் சவாலும் இந்தத் திசையில் போனது அபூர்வம்.

ஐதராபாத்தில் செய்வதில் ஒரு வசதியும் இருந்தது. பிரிட்டனில் 1876இல் வந்த விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாமல் உயிருள்ள விலங்கை அறுத்து ஆராய முடியாது. அந்தச் சட்டம் இங்கே செல்லாது. பிரிட்டனில் நூறு கேள்வி கேட்கும் வேலையை இங்கே நூற்றுக்கணக்கான விலங்குகளில் செய்தார்கள். பெருமை பேசும்போது இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

லான்செட் அனுப்பியவர் தாமஸ் லாடர் பிரன்டன். லண்டன் செயின்ட் பார்த்தலோமியு மருத்துவமனைக்காரர், மருந்தியலில் அன்று அவருக்கு இணை இல்லை. 1867இலேயே, மார்வலி வந்து துடிக்கும் இதய நோயாளிக்கு ஏமில் நைட்ரைட் முகரக் கொடுத்தால் வலி தணிகிறது என்று காட்டியவர். அவர் லாரியின் ஆள் அல்ல. குளோரோபாரம் இதயத்தை நிறுத்தும் என்றுதான் அதுவரை நம்பிவந்தார். இந்திய அரசின் சார்பில் ஜெரால்டு பாம்ஃபோர்டு வந்தார். ஐதராபாத்தின் டாக்டர் ருஸ்தம்ஜியும் சேர்ந்தார். லாரி தலைவர். ஒரு கட்சியின் தலைவரே நடுவர் குழுவுக்கும் தலைவரானது அன்று யாருக்கும் உறுத்தவில்லை போலிருக்கிறது.

1889 அக்டோபர் கடைசியில் தொடங்கி டிசம்பர் நடுவரை வேலை நடந்தது. எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். நாயை மேசையில் கட்டி, கழுத்தின் பெரிய தமனியைத் திறந்து ஒரு சின்னக் குழாயைச் செருகுவார்கள். குழாயின் மறுமுனை பாதரசம் நிரம்பிய வளைந்த கண்ணாடிக் குழலில் சேரும். இதயம் அடிக்க அடிக்கப் பாதரசம் ஏறி இறங்கும். அதன்மேல் மிதக்கும் ஒரு கம்பி, முனையில் ஒரு முள். முள்ளுக்கு எதிரே விளக்குப் புகை படிந்த தாள் சுற்றிய உருளை மெல்லச் சுழலும். கருப்புத் தாளில் முள் வெள்ளைக் கோடு போடும். ஒவ்வொரு இதயத் துடிப்பும் ஒரு சின்ன அலை. மூச்சு வாங்கினால் பெரிய அலை. இப்போது குளோரோபாரத் துணியை நாயின் மூக்கில் பிடிக்க வேண்டியது, கோடு எப்படிச் சரிகிறது என்று பார்க்க வேண்டியது. எல்லாத் தாளையும் போட்டோ எடுத்துவைத்தார்கள்.

சோதனைகளை அவர்கள் ஏனோதானோ என்று செய்யவில்லை. இதயம் பலவீனமானவர்களுக்கு ஆபத்து என்கிறார்களே என்று விலங்குகளுக்குப் பாஸ்பரஸ் கொடுத்து இதயத் தசையைக் கொழுப்பேறவைத்துச் சோதித்தார்கள். அரைமயக்கத்தில் வெட்டினால் அதிர்ச்சியில் இதயம் நிற்கும் என்கிறார்களே என்று அரைமயக்கத்தில் பல்லைப் பிடுங்கினார்கள், நகத்தைப் பெயர்த்தார்கள். ஹன்னாவுக்கு நடந்ததைத்தான் திரும்ப நடத்திப் பார்த்தார்கள் என்று சொல்லலாம். ஒன்றும் அப்படிச் சாகவில்லை. இதயத்தைத் தளரச் செய்யும் வேகஸ் நரம்பையும் தூண்டிப் பார்த்தார்கள். இதயம் மெதுவானால் குளோரோபாரம் உடம்பில் பரவுவதும் மெதுவாகிறது, ஆகவே அது ஆபத்து அல்ல, காப்பு என்று ஒரு புதுமையான முடிவுக்கும் வந்தார்கள். கிளாஸ்கோக்காரர்கள் கண்ட இதயத் தளர்ச்சி எல்லாம் மூச்சுத் திணறலால் வந்த வேகஸ் வேலைதான் என்று கணக்குத் தீர்த்தார்கள்.

பிரன்டன் மனம் மாறினார். டிசம்பரில் லண்டனுக்கு அவர் அடித்த தந்தி மருத்துவ உலகில் ஒரு குண்டு. நாய், குதிரை, குரங்கு, ஆடு, பூனை, முயல் என 490 விலங்குகள் பயன்பட்டன, அவற்றில் 120இல் அழுத்தமானி வைத்துப் பதிவு செய்தோம், குளோரோபாரத்தின் ஆபத்து மூச்சுத் திணறலும் அளவு மீறுதலும்தான், இதயத்துக்கு நேரடி ஆபத்து அறவே இல்லை என்பது தந்தியின் சாரம். 1890இல் முழு அறிக்கையும் லான்செட்டில் வெளிவந்தது. டாக்டர்களுக்கான நடைமுறை விதிகளும் அதில் இருந்தன. படுக்கவைத்துக் கொடு, காற்று தாராளமாக விடு, திமிறும்போது துணியை முகத்தில் அழுத்தாதே, மூச்சை ஒரு கணமும் விடாமல் கவனி. இந்தத் திமிறல் பற்றிய எச்சரிக்கைதான் அறிக்கையின் ஆகச் சிறந்த பகுதி என்பேன். பயந்துபோன ஆள் மூச்சைப் பிடித்துக்கொள்வான், தாங்க முடியாமல் ஒரு கட்டத்தில் வாய்நிறைய இழுப்பான். துணி அப்போது மூக்கோடு ஒட்டியிருந்தால் ஒரே இழுப்பில் அளவுக்கு மேலே உள்ளே போய்விடும்.

அறிக்கை வந்த அன்றே எதிர்ப்பும் கிளம்பியது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஜான் மெக்வில்லியம் என்ற உடலியல் பேராசிரியர், குளோரோபாரம் உள்ளே போகப் போக இதயம் தளர்ந்து உப்பி விரிவதை நேராகவே பார்த்து 1890இல் எழுதினார். 1893இல் கேம்பிரிட்ஜின் கேஸ்கெல், ஷோர் இருவரும் ஒரு சாமர்த்தியமான வேலை செய்தார்கள். இரண்டு விலங்குகளின் ரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்து, குளோரோபாரம் கலந்த ரத்தம் ஒன்றின் மூளைக்கு மட்டும் போகும்படி செய்தார்கள். மூளைக்கு மட்டும் போனபோது ரத்த அழுத்தம் சரியவில்லை. இதயத்துக்குப் போனபோதுதான் சரிந்தது. அழுத்தம் விழுவதற்கு இதயமே காரணம் என்று இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? ஐதராபாத் அணியின் புகைத்தாள் கோடுகளிலேயே இதயம் தளர்வது தெரிகிறது என்றும் வாதம் வந்தது. கையில் இருந்த ஆதாரத்தையே தப்பாகப் படித்துவிட்டார்கள் என்று பொருள். லாரி கடைசிவரை மசியவில்லை.

ஆனால் முழு விடை மெக்வில்லியத்திடமும் இல்லை, கேம்பிரிட்ஜிடமும் இல்லை. மெதுவாகத் தளரும் இதயம் வேறு, ஹன்னாவுக்கு நடந்தது வேறு. ஒரு டீஸ்பூன், அரை நிமிடம், இன்னும் ஆழ்ந்த மயக்கம்கூட வரவில்லை. அதில் எந்த இதயம் தளர்ந்துபோகும்? கோடு சரியவில்லை, அறுந்துவிட்டது.

விடை 1911இல் வந்தது. குட்மன் லெவி என்ற லண்டன் டாக்டர், இதயத் துடிப்பை மின்பதிவு செய்வதில் முன்னோடியான தாமஸ் லூயிஸோடு சேர்ந்து பூனைகளில் வேலை செய்தார். அவர் கண்டது எல்லாரையும் திகைக்கவைத்தது. ஆழ்ந்த மயக்கத்தைவிட லேசான மயக்கத்தில்தான் குளோரோபாரம் திடீரென்று கொல்கிறது. லேசான மயக்கத்தில் இருக்கும் பூனைக்கு அட்ரினலின் செலுத்தினால், இதயத்தின் கீழறைகள் அடிப்பதை விட்டுவிட்டுப் புழுக்கூட்டம் போல நெளிகின்றன. ரத்தம் ஓடாது. நாடி ஒரு நொடியில் காணாமல் போகும். இப்படி நெளிந்து நிற்கும் இதயத்தைத் திடீர்ச் சாவின் காரணமாக மெக்வில்லியம் முன்பே சொல்லியிருந்தார். அவர் அதை எழுதிய ஆண்டு 1889, ஐதராபாத்தில் நாய்களின் மூச்சை எண்ணிக்கொண்டிருந்த அதே ஆண்டு.

அட்ரினலின் எங்கிருந்து வரும்? பயத்திலிருந்து. அழுதுகொண்டே நாற்காலியில் உட்கார்ந்த 15 வயதுப் பெண்ணின் ரத்தத்தில் அது நிரம்பியிருந்திருக்கும். அதன்மேல் குளோரோபாரம், அதன்மேல் கத்தி. பிராந்தி கொன்றது என்ற சிம்ப்சன் தப்பு. இதயம்தான் முதலில் நின்றது என்ற ஸ்னோ சரி. எப்படி நின்றது என்பதுதான் ஸ்னோவுக்கும் தெரியாமல் போயிற்று.

அப்படியானால் ஐதராபாத்தில் அரைமயக்கத்தில் பல் பிடுங்கிய நாய்கள் ஏன் சாகவில்லை? எனக்குப் படுவது இது. குளோரோபாரச் சாவு அன்றும் ஆயிரக்கணக்கில் ஒருவருக்குத்தான் நடந்தது. அப்படி அபூர்வமாக நடப்பதை 490 விலங்குகளில் தேடினால் ஒன்றுகூட அகப்படாமல் போவதில் ஆச்சரியம் இல்லை. எண்ணிக்கை பெரிதாகத் தெரிந்தது. தேடிய பொருளுக்கு அது சிறிது. மற்றபடி விலங்கைச் சாகும்வரை குளோரோபாரத்தில் அமிழ்த்தினால் மூச்சு முதலில் நிற்கத்தான் செய்யும். அளவு மீறினால் எப்படிச் சாகும் என்ற கேள்விக்கு அவர்கள் சரியான விடை கண்டுபிடித்தார்கள். உலகம் கேட்டுக்கொண்டிருந்தது, அளவு மீறாதபோதும் ஏன் சாகிறார்கள் என்று. இன்று புது மருந்துக்கு அனுமதி கொடுத்த பிறகும் பல ஆண்டுகள் பக்கவிளைவுகளைக் கண்காணித்துக்கொண்டே இருக்கிறார்களே, அதற்குப் பின்னால் இருப்பது இதே கணக்குதான். சோதனையில் சிலநூறு பேர், சில ஆயிரம் பேர் இருப்பார்கள். ஐம்பதாயிரத்தில் ஒருவரைத் தாக்கும் கோளாறு சந்தைக்கு வந்த பிறகுதான் தலைகாட்டும்.

லாரியின் ஆஸ்பத்திரிக் கணக்கை என்ன செய்வது? பல்லாயிரம் பேரில் ஒருவரும் சாகவில்லை என்பதைப் பொய் என்று தள்ள நான் தயாராக இல்லை. ஆனால் அது மருந்துக்குச் சான்று அல்ல, கைக்குச் சான்று. கண் எடுக்காமல் மூச்சைக் கவனித்து, நாக்கை முன்னால் இழுத்து, காற்றோட்டமான கூம்பில் கொடுத்த மாணவர்கள், வேறு இடங்களில் மூச்சடைப்பில் செத்திருக்கக் கூடிய பலரைக் காப்பாற்றியிருப்பார்கள். தப்பான கொள்கையிலிருந்து ஒரு நல்ல பழக்கம் பிறந்தது. மருத்துவ வரலாற்றில் இது ஒன்றும் புதிது இல்லை. லாரியை நான் நல்ல மயக்க மருத்துவர் என்றும், மோசமான ஆராய்ச்சியாளர் என்றும் எடைபோடுகிறேன். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டவர் அவர்.

இந்த அமளியில் லண்டனுக்கு ஒரு நன்மை. மயக்கம் கொடுப்பது ஆள் அகப்பட்டால் யார் வேண்டுமானாலும் செய்யும் எடுபிடி வேலை அல்ல, தனியாகப் படிக்க வேண்டிய துறை என்று புரிந்தது. 1893இல் ஃப்ரெடரிக் சில்க் முன்னின்று லண்டனில் மயக்க மருத்துவர் சங்கத்தைத் தொடங்கினார். உலகிலேயே முதல் சங்கம் அது. அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வெர்னன் ஹார்கோர்ட் செய்த கருவி, குளோரோபார ஆவி 2 சதவீதத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டது. ஸ்னோ சொல்லிவிட்டுப்போன அளவுக் கட்டுப்பாடு, அவர் செத்து நாற்பத்தைந்து ஆண்டு கழித்துக் கைக்கு வந்தது. 1956இல் ஹாலோதேன் வந்ததும் குளோரோபாரத்தின் காலம் மெல்ல முடிந்தது.

நாடியா மூச்சா என்ற வழக்கு இன்று ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. விரலில் மாட்டுகிற ஒரு கிளிப் நாடித் துடிப்பையும் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதையும் ஒரே நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஜப்பானின் தகுவோ அவோயாகி 1974இல் கண்டுபிடித்த உத்தி அது. கொரோனா காலத்தில் நம் வீடுகளுக்கே வந்துவிட்டது. கூடவே, வெளிவிடும் மூச்சில் கரியமில வாயு எவ்வளவு என்று ஒவ்வொரு மூச்சுக்கும் அலை போட்டுக் காட்டும் திரையும் இருக்கிறது. புகைத்தாளில் முள் போட்ட அலைக்கும் இந்த அலைக்கும் உறவு தூரத்து உறவு அல்ல.

ஐதராபாத்தில் இன்னொருவரைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. லாரியின் மருத்துவப் பள்ளியில் 1885இல் சேர்ந்த பெண்களில் ஒருவர் ரூபா பாய் ஃபர்தூன்ஜி, பார்சிப் பெண். ஹக்கீம் என்ற பட்டம் பெற்று வெளியே வந்தவர். நாடி பார்க்காதே என்று கற்றுக்கொண்டவருக்குக் கிடைத்த பட்டப் பெயர் ஹக்கீம்! 1889 முதல் 1917 வரை ஐதராபாத்தின் ஆஸ்பத்திரிகளில் குளோரோபாரம் கொடுத்தார். நடுவில் 1909இல், தன் தொழிலுக்கு இயற்பியலும் வேதியியலும் இன்னும் தெரிய வேண்டும் என்று எடின்பரோவுக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தார். உலகின் முதல் பெண் மயக்க மருத்துவர் அவர்தான் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முதலா இரண்டாவதா என்ற போட்டி எனக்கு முக்கியமாகப் படவில்லை. ஆணையத்தின் அறிக்கையை இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் தன் கையால் தினமும் செயல்படுத்திப் பார்த்தவர் அவர். லாரியின் பெயர் ஒவ்வொரு மயக்கவியல் வரலாற்றிலும் இருக்கிறது. ரூபா பாயைப் பற்றித் தமிழில் ஒரு பக்கம்கூட நான் படித்ததில்லை.

அப்சல்கஞ்ச் ஆஸ்பத்திரி இப்போது இல்லை. 1908 செப்டம்பர் 28இல் மூசி ஆறு பெருக்கெடுத்து அதை அடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று ஆஸ்பத்திரி வளாகத்தில் இருந்த ஒரு புளியமரத்தில் ஏறி 150 பேர் பிழைத்தார்கள் என்று ஐதராபாத்காரர்கள் சொல்வார்கள். அந்த இடத்தில் எழுந்ததுதான் உஸ்மானியா பொது மருத்துவமனை. மரம் இன்னும் அங்கே நிற்கிறது. ஐதராபாத் போகும் வாசகர்கள் சார்மினார் பார்த்த கையோடு அங்கேயும் ஒரு நடை போய் வரலாம்.

அடுத்த வாரம் வியன்னா. ஆளையே மயக்காமல் கண்ணை மட்டும் மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று கேட்டு, 1884இல் கோகெய்ன் கரைசலை முதலில் தவளையின் கண்ணிலும் பிறகு தன் கண்ணிலும் விட்டுக்கொண்ட கார்ல் கோல்லர் என்ற இளம் டாக்டரையும், அந்தப் புகழைக் கைநழுவவிட்ட அவருடைய நண்பர் சிக்மண்ட் பிராய்டையும் பார்ப்போம்.

(தொடரும்)